துள்ளுகிற நாய்க்கு முதலில் தூக்கம்: மலை வீட்டுக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் ஒரு நாயை வீட்டில் வைத்திருப்பவர்களைக் கோத்தகிரி, குன்னூர் பக்கம் எங்கே பார்த்தாலும் புலம்பல் ஒன்றுதான். ஆள் வந்தால் மேலே பாய்கிறது, பிள்ளைகளின் சாக்ஸைக் கடித்து இழுக்கிறது, சாயங்காலம் ஆனால் சோபாவுக்கும் சமையலறைக்கும் நடுவே பேய் பிடித்த மாதிரி சுற்றிச் சுற்றி ஓடுகிறது, கட்டிப்போட்டால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துகிறது. இதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் வைத்தியமும் எப்போதும் ஒன்றுதான்: "நல்லா ஓட விடுங்க, தானா அடங்கிடும்."

அடங்காது. தினமும் ஓடவிட்டால் நாய்க்கு மூச்சும் தசையும் பலப்படும், அவ்வளவுதான். போன மாதம் அரை மணி நேரத்தில் களைத்த நாய் இந்த மாதம் ஒரு மணி நேரம் ஓடியும் களைக்காமல் வந்து நிற்கும். அதற்கு மேல், பந்தைத் திரும்பத் திரும்ப எறிந்து ஓடவைத்தால் உடம்பு களைத்தாலும் மண்டைக்குள் ஏறிய பரபரப்பு இறங்குவதற்கு வெகு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில்தான் சாக்ஸ் கிழியும்.

அதுவும் போக, இது மலை. அவிழ்த்துவிட்டு ஓடச் சொல்ல இங்கே மைதானமா இருக்கிறது? வீட்டுக்குக் கீழே தேயிலை, தேயிலைக்குள் காட்டுமாடு, பொழுது சாய்ந்தால் சிறுத்தை, மழைக்காலத்தில் பாசி பிடித்த படிக்கட்டு, மதியம் மூன்று மணிக்கே இறங்கிவிடும் மூடுபனி. அதனால் இங்கே நாயின் ஓடுகிற காலை நம்பிப் பயனில்லை, மூக்கையும் ஓய்வையும்தான் நம்ப வேண்டும். நான் சொல்வதில் பாதிக்கு மேல் ஓடுவது பற்றியே இருக்காது.

தூக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்

குட்டி நாய் ஒரு நாளில் 18 மணி நேரம்கூடத் தூங்கும். வளர்ந்த நாய்க்கே 12 மணி நேரத்துக்குக் குறையாமல் ஓய்வு வேண்டும். உங்கள் வீட்டு நாய் எவ்வளவு நேரம் தூங்குகிறது என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். விடிந்தவுடன் பால்காரர், அப்புறம் ஸ்கூல் வேன், அப்புறம் தகரக் கூரைமேல் குரங்குக் கூட்டம், மதியம் பாட்டியின் டிவி, நான்கு மணிக்குப் பிள்ளைகள். இத்தனைக்கும் எழுந்து எழுந்து ஓடுகிற நாய் ராத்திரிதான் கொஞ்சம் தூங்கும். சாயங்காலம் அது போடும் ஆட்டத்தைத் தெம்பு மிஞ்சிப் போனதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது கல்யாண வீட்டில் தூக்கம் கெட்ட குழந்தை செய்கிற ரகளைதான்.

சரி, என்ன செய்வது? வாசலும் ரோட்டுப் பக்க ஜன்னலும் கண்ணில் படாத ஒரு மூலையை நாய்க்கு ஒதுக்குங்கள். பெரிய வீடு வேண்டும் என்று கட்டாயமில்லை, எஸ்டேட் லைன் வீட்டில் கட்டிலுக்கு அடியிலேயே இதைச் செய்துவிடலாம். தரை சில்லிடும் என்பதால் ஒரு பலகை, அதன்மேல் சாக்கு, அதன்மேல் பழைய கம்பளி. ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும்போது சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஒட்ட முடியுள்ள சமவெளி நாய்களுக்கு இது கட்டாயம். குளிரில் நடுங்குகிற நாய் படுக்காது, படுக்காத நாய் சும்மா இருக்காது. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முறை, மதியம் ஒரு முறை, சாயங்காலம் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் ஒரு முறை என்று நாயை அங்கே கொண்டுபோய், கடிக்க ஒரு பொருளைக் கொடுத்து, அறைக் கதவை ஒருக்களித்துவிடுங்கள். முதலில் கொஞ்சம் முனகும். நீங்கள் அதே அறையில் ஏதாவது வேலை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் சீக்கிரம் அமைதியாகும். விடாமல் பதறிக் கத்தினால் அங்கேயே பூட்டி வைக்காதீர்கள், நேரத்தைக் குறைத்து, கதவைத் திறந்து வைத்து ஆரம்பியுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரே ஒரு விதி: நாய் அந்தக் கம்பளியில் இருந்தால் யாரும் தொடக்கூடாது, கூப்பிடக்கூடாது, போட்டோ எடுக்கவும் கூடாது.

வாசலில் சங்கிலி போட்டுக் காலை முதல் மாலை வரை கட்டி வைப்பதை ஓய்வு என்று கணக்கில் எடுக்காதீர்கள். ரோட்டில் போகிற எல்லாவற்றையும் பார்க்கவும் முடியும், எதன் பக்கத்திலும் போகவும் முடியாது என்ற நிலையில் நாயின் பரபரப்பு நாளுக்கு நாள் ஏறுமே தவிர இறங்காது. நம் ஊரில் "கடிக்கிற நாய்" என்று பேர் வாங்கியவற்றில் நிறைய இப்படி வாசலில் வளர்ந்தவைதான் என்பது என் எண்ணம்.

மேலே பாய்வது

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

நாய் ஏன் பாய்கிறது? நம் முகம் மேலே இருக்கிறது, அதற்கு முகத்தின் பக்கத்தில் வர வேண்டும். பாய்ந்தால் நாம் என்ன செய்கிறோம்? "ஏய், இறங்கு, இறங்குடா" என்று கத்திக்கொண்டே இரண்டு கையாலும் நெஞ்சில் தள்ளுகிறோம். நமக்கு அது கண்டிப்பு, நாய்க்கு அது மல்யுத்தம். பாய்ந்தால் பேசுகிறார்கள், தொடுகிறார்கள், முகத்தைப் பார்க்கிறார்கள் என்றுதான் அது கற்றுக்கொள்ளும். முட்டிக்காலால் நெஞ்சில் இடிக்கச் சொல்பவர்கள் உண்டு, அதைக் கேட்காதீர்கள். வளர்கிற நாய்க்கு அடிபடும், ஆள் வந்தாலே பயப்படவும் பழகிவிடும்.

ஸ்கூல் வேன் வருகிற நேரத்தை எடுத்துக்கொள்வோம். வேனுக்குக் கொஞ்சம் முன்னால் நாயை உள்ளே கூட்டிவந்து, நெஞ்சையும் உடம்பையும் சுற்றி மாட்டுகிற பாடி பெல்ட் போட்டு, ஆறடிக் கயிற்றில் ஜன்னல் கம்பியிலோ கட்டில் காலிலோ கட்டுங்கள். கழுத்துப் பெல்ட்டில் கட்டினால் பாய்கிற வேகத்தில் தொண்டையை இறுக்கும், அதனால் பாடி பெல்ட். உங்கள் கையில் விரல் நகம் அளவுக்கு நறுக்கிய கேரட். ஊட்டி கேரட்டுக்கு இங்கே பஞ்சமில்லை, உடம்புக்கும் கெடுதல் இல்லை, முக்கால்வாசி நாய்களுக்குப் பிடிக்கும். பிடிக்காத நாய்க்கு உப்பு, காரம் இல்லாமல் வேகவைத்த கோழிக்கறித் துணுக்கு.

பையன் உள்ளே வருகிறான். பையை இறக்கி வைக்கிறான், கயிறு எட்டாத தூரத்தில் நிற்கிறான். நாய் பின்னங்காலில் எழுந்து கயிற்றை இழுத்து ஆடும், வாலோடு சேர்ந்து இடுப்பே ஆடும், தொண்டையில் ஒரு கீச்சுச் சத்தம் வரும். பையன் ஒன்றும் பேசக்கூடாது, கண்ணைப் பார்க்கக்கூடாது, பக்கவாட்டில் திரும்பி நிற்க வேண்டும். எப்போதாவது நான்கு காலும் தரையில் படும், அரை விநாடிதான் படும். அந்த அரை விநாடியில் ஒரு அடி முன்னால் வரவேண்டும். மறுபடி எழுந்தால் ஒரு அடி பின்னால். பக்கத்தில் வந்த பிறகும் கால் தரையில் இருந்தால் கேரட்டைக் கையை உயர்த்திக் காட்டாமல் தரையிலேயே வையுங்கள், தலை கீழே போகும், தலை கீழே இருக்கிற நாய் பாயாது. அப்புறம் நெஞ்சுப் பக்கம் தடவிக் கொடுக்கலாம். அதுவும் மெதுவாக. தலைமேல் தட்டித் தட்டிக் கொஞ்சினால் பரபரப்பு மறுபடி ஏறிவிடும்.

முதல் சில நாள் முன்பைவிட மோசமாகத்தான் இருக்கும். இத்தனை நாள் வேலை செய்த வித்தை திடீரென்று பலிக்காவிட்டால் நாய் அதையே இன்னும் பலமாகச் செய்து பார்க்கும். பாதிப் பேர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். அந்த இடத்தைத் தாண்டிவிட்டால் பிறகு எளிது.

இதில் பெரிய எதிரி நாய் இல்லை, வாரக் கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து வருகிற மாமா. "பரவாயில்ல விடு, குட்டிதானே, எனக்கு நாய்னா பிடிக்கும்" என்று இரண்டு கையும் விரித்து நிற்பார். பத்து முறையில் ஒரு முறை பலித்தால் போதும், நாய் அந்தப் பழக்கத்தை விடாது. மாமாவைத் திருத்துவது நாயைத் திருத்துவதைவிடக் கஷ்டம் என்பதால், அவர் வரும்போது நாயைக் கம்பளி மூலைக்கு அனுப்பிவிட்டு, எல்லோரும் டீ குடித்து உட்கார்ந்த பிறகு கயிற்றோடு கூட்டி வாருங்கள். வயதான பாட்டி, தாத்தா உள்ள வீட்டில் இதை விளையாட்டாக எடுக்கவே கூடாது. மலை வீடுகளில் வாசலை ஒட்டியே படிக்கட்டு இருக்கும், முப்பது கிலோ நாய் பின்னாலிருந்து மோதினால் எலும்பு முறியும்.

வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைப் பயன்படுத்த வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பா "சிட்", அம்மா "உட்காரு", பையன் "டேய் உக்கார்றா" என்றால் நாய்க்கு அது மூன்று வேறு சத்தம். எது என்றாலும் சரி, ஒன்றை முடிவு செய்து சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

மூக்குக்கு வேலை

நாய் மோப்பம் பிடிக்கும்போது தலை தாழும், மனசு ஒரு இடத்தில் நிற்கும். இருபது நிமிடம் மோந்து மோந்து நடந்த நாய் வீட்டுக்கு வந்து படுத்துவிடுவதைப் பார்க்கலாம். அதே இருபது நிமிடம் பந்து பின்னால் ஓடிய நாய் வந்தவுடன் அடுத்த பந்தைக் கேட்கும்.

சாப்பாட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். கிண்ணத்தில் கொட்டினால் ஒரு நிமிடத்தில் காலி. அதே தீனியை ஒரு பழைய டவலில் தூவிச் சுருட்டிக் கொடுங்கள், முட்டை அட்டைக்குள் போட்டு மூடிக் கொடுங்கள், அறை முழுக்க நாலு இடத்தில் ஒளித்து வைத்துத் தேடச் சொல்லுங்கள். முதலில் நாய் பார்க்கும்போதே ஒளித்து வையுங்கள், விளையாட்டு புரிந்த பிறகு மறைவாக. தயிர்ச்சோறு கொடுக்கிற வீடு என்றால் அதை உள்ளே குழிவான ரப்பர் பொம்மையில் அடைத்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் நக்கி முடிக்க நல்ல நேரம் ஆகும். கூடலூரில் ஜூன் மாதம் பிடித்த மழை, கோத்தகிரியில் அக்டோபர், நவம்பர் மழை என்று நாள் கணக்கில் வெளியே போக முடியாத காலத்தில் வீட்டைக் காப்பாற்றுவது இந்த விளையாட்டுதான்.

அட்டையைக் கிழித்துத் தின்கிற நாய் என்றால் டவலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தீனி விஷயத்தில் நம் ஊருக்கென்றே ஒரு ஆபத்து உண்டு: ஹோம்மேட் சாக்லேட். சுற்றுலா வருபவர்களும் உறவுக்காரர்களும் மேஜைமேல் விட்டுப் போகிற அந்த டப்பா நாய்க்கு விஷம், அதிலும் கறுப்பு சாக்லேட் மிக மோசம். திராட்சை, காய்ந்த திராட்சை, வெங்காயம் எல்லாம் அதே பட்டியல்தான். கிறிஸ்துமஸ் பிளம் கேக்கில் காய்ந்த திராட்சை இருப்பதை மறந்துவிடாதீர்கள். வர்க்கி விஷமில்லை, ஆனால் மைதாவும் கொழுப்பும், பயிற்சித் தீனிக்கு ஆகாது. விஷப் பட்டியலில் உள்ள எதையாவது தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல், எவ்வளவு தின்றது என்ற கணக்கோடு உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

நடை

நெஞ்சுப் பக்கம் வளையம் உள்ள பாடி பெல்ட் வாங்குங்கள், அதில் கயிற்றை மாட்டினால் நாய் இழுக்கும்போது அதன் உடம்பே பக்கவாட்டில் திரும்பும், உங்கள் தோள் பிழைக்கும். இழுத்தால் நில்லுங்கள், கயிறு தளர்ந்தால் நடங்கள். கேட்டைத் தாண்டவே பத்து நிமிடம் ஆகும் நாட்கள் உண்டு, ஆகட்டும். மேட்டில் இழுத்தால் தாங்கலாம், இறக்கத்தில் இழுத்தால் நீங்கள்தான் முதலில் விழுவீர்கள், அதனால் வீட்டிலிருந்து கிளம்பும்போது ஏற்றம் வருகிற பாதையைத் தேர்ந்தெடுத்து, நாய் கொஞ்சம் ஆறிய பிறகு இறங்கி வாருங்கள். பெரிய ஜாதி நாய்களுக்கு எலும்பு முற்ற ஒன்றேகால், ஒன்றரை வயதாகலாம். அதுவரை படிக்கட்டில் ஏறி இறங்கி ஓடவைப்பது, பைக் பின்னால் ஓடவைப்பது வேண்டாம்.

நேரம் முக்கியம். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு காலை நடை, வெளிச்சம் இருக்கும்போதே மாலை நடை முடிந்துவிட வேண்டும். காட்டுமாடு எதிரில் நின்றால் நாயைக் கயிற்றைச் சுருக்கிப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வந்த வழியே திரும்புங்கள். அவிழ்ந்த நாய் செய்வது என்ன தெரியுமா? ஓடிப்போய்க் காட்டுமாட்டிடமோ கரடியிடமோ குரைக்கும், அது துரத்தினால் நேராக உங்களிடம் ஓடி வரும், பின்னாலேயே அதுவும் வரும். துள்ளுகிற இளம் நாயைத் தேயிலைக்குள் அவிழ்த்துவிடக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும். மருந்து அடித்த தேயிலைப் பக்கம் கயிற்றோடும் போகாதீர்கள், காலை நக்கினால் மருந்து உள்ளே போகும்.

சோலைக்காட்டுக்குள்ளும் கூட்டிப்போகாதீர்கள். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். அதோடு, வீட்டு நாயிடமிருந்து டிஸ்டெம்பர் நோய் செந்நாய்களுக்குப் பரவும்.

ராத்திரி நாய் வீட்டுக்குள். வெளியே கட்டிய நாய் சிறுத்தைக்கு எளிய இரை, மலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. "காவலுக்குத்தானே வளர்க்கிறோம்" என்பவர்களுக்கு: கதவுக்கு உள்ளே படுத்திருக்கிற நாயும் நன்றாகவே குரைக்கும்.

நடை முடிந்து வந்தவுடன் நாயின் காது, அக்குள், விரலிடுக்கு மூன்றையும் பாருங்கள். மழையில் அட்டை, வெயிலில் உண்ணி. அட்டை கொஞ்சம் ரத்தத்தைக் குடித்துவிட்டுப் போய்விடும்; உண்ணிக் காய்ச்சல் நாயின் உயிரையே வாங்கிவிடலாம்.

பல் படுவது

நாலு மாதத்திலிருந்து ஆறு, ஏழு மாதம்வரை பல் விழுந்து முளைக்கிற காலம், ஈறு நமநமவென்று இருக்கும், கிடைத்ததைக் கடிக்கும். ஈரத்துணியை முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுங்கள், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். வேகவைத்த எலும்பு வேண்டாம், சில்லு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். விளையாடும்போது கையில் பல் பட்டால் கையை உதறாதீர்கள், உதறினால் அது இரை. அப்படியே நிறுத்தி, எழுந்து, கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டுக் கொஞ்ச நேரத்தில் திரும்பி வாருங்கள். தரையில் உருண்டு நாயோடு சண்டை போடுகிற விளையாட்டைச் சின்னப் பிள்ளைகளுக்கு அனுமதிக்கவே வேண்டாம்.

தோல் கிழிந்தால், தடுப்பூசி போட்ட நம் வீட்டு நாயாகவே இருந்தாலும், குழாய்த் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடி ஊசி அங்கே இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள்.

சும்மா இருக்கக் கற்றுக்கொடுப்பது

உட்காரு, படு, கை கொடு என்று எல்லாம் சொல்லித் தருகிறோம், சும்மா இருப்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. நீங்கள் சாயங்கால டீயை எடுத்துக்கொண்டு உட்காருகிற நேரத்தில் நாயின் கம்பளியைக் காலடியில் விரித்து, கயிற்றின் நுனியை உங்கள் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். எழுந்து நிற்கவும் படுக்கவும் போதுமான நீளம், அவ்வளவுதான். ஒன்றும் சொல்லாதீர்கள். அது நிற்கும், முனகும், கயிற்றைக் கடிக்கும், உங்கள் முழங்கையை முட்டும். டீயைக் குடியுங்கள். கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டுப் படுக்கும். அப்போது பேசாமல் முன்னங்கால்களுக்கு நடுவே ஒரு கேரட் துண்டு. "சபாஷ்டா கண்ணு" என்று உரக்கப் பாராட்டினால் எழுந்துவிடும், அதனால் வாயை மூடிக்கொள்ளுங்கள். பிறகு இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தால் இன்னொன்று, தாடை தரையில் பட்டால் இன்னொன்று.

தினமும் இதைச் செய்கிற வீட்டில், கொஞ்ச நாளில் டம்ளர் சத்தம் கேட்டாலே நாய் கம்பளியைத் தேடிப் போகும். எல்லாப் பயிற்சியையும் விட்டுவிட்டு ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

நம்ப வேண்டாதவை

அடித்தால் அடங்கும் என்பார்கள். அடித்தால் பயப்படும், பயந்த நாய் ஒரு நாள் எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும். மாட்டுக்கறி போட்டால் வெறி ஏறும் என்பதும் கட்டுக்கதை. ஒரு ஈத்து குட்டி போட்டால் பொறுப்பு வந்துவிடும் என்பதும் அப்படியே. கருத்தடை செய்தால் ஊர்சுற்றலும் புணர்வதுபோல் மேலே ஏறுகிற பழக்கமும் குறையலாம், செய்ய வேண்டியதுதான், ஆனால் துள்ளல் அதனால் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். பொதுவாக இரண்டு வயது வாக்கில் நிதானம் வரும், லேப்ரடார் இன்னும் கொஞ்சம் தாமதிக்கும். பீகிள் மோப்பத்தை விடாது, சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் ஓடுகிற எதையும் விடாது; ஜாதி குணத்தை மாற்ற முடியாது, கயிற்றில் பிடித்துக்கொள்ளத்தான் முடியும்.

ஒன்றை மட்டும் பயிற்சி என்று நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். இதுவரை சாதுவாக இருந்த நாய் திடீரென்று அமைதியிழந்தால், தொட்டால் உறுமினால், ராத்திரியெல்லாம் சொறிந்தால், சாப்பாட்டைக் காவல் காத்துப் பல்லைக் காட்டினால் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். காதுப் புண், உண்ணி, மூட்டு வலி எதுவாகவும் இருக்கலாம். போகும்போது தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், முடிந்தால் நாய் வீட்டில் செய்வதைப் போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஆஸ்பத்திரி மேஜையில் ஏற்றினால் எந்த நாயும் பசுமாதிரி நிற்கும்.